காட்டுச் சட்டம் யாருக்கு வேலி?



காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. 2005 ஆகஸ்டில் சுமத்ராவில் எரிந்த தீயின் புகை கடல் தாண்டி வந்து, போர்ட் கிள்ளானில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. புகை சூழ்ந்தால் முதலில் இருமுகிறவன் வெளிக்காட்டில் நிற்கும் தொழிலாளிதான்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். காட்டைக் காக்கும் சட்டம் யாருடைய கையைக் கட்டுகிறது?

1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, ரிசர்வ் காட்டில் அனுமதிச் சீட்டின்றிப் பொருள் எடுப்பது குற்றம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம், பூர்வகுடி மக்கள் குறிப்பிட்ட சில பிராணிகளைத் தம் உணவுக்காக மட்டும் வேட்டையாடலாம், விற்கக்கூடாது என்கிறது. பிரம்புக்கும் கணக்கு, பன்றிக்கும் கணக்கு! சரி, பெரிய மனிதர்களுக்கு என்ன கணக்கு?

நமக்கு அண்டையிலுள்ள கோலலங்காட் வடக்கு ரிசர்வ் காட்டைப் பாருங்கள். 1927-ல் 7,200 ஹெக்டருக்கு மேல் ஒதுக்கப்பட்ட காடு, 2020-ல் ஆயிரம் ஹெக்டர்கூட இல்லை. எஞ்சியதிலும் 930 ஹெக்டரை ரிசர்விலிருந்து நீக்கப் போவதாக அவ்வாண்டு பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. காட்டோரக் கம்போங்குகளில் வாழும் தெமுவான் மக்கள் எதிர்த்தனர். சிலாங்கூர் சட்டமன்றமே நவம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அப்படியிருந்தும் 2021 மே மாதம் 536 ஹெக்டர் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்தது. கூக்குரல் எழுந்த பிறகே, செப்டம்பர் 8-ல் மந்திரி புசார் அதை ரத்துச் செய்தார்.

பிரம்பு வெட்டுகிறவனுக்குச் சீட்டு வேண்டும். காட்டையே வெட்ட ஒரு கூட்டத்தின் முடிவு போதும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

"அது காட்டு ஜனங்களின் விவகாரம், நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த குடியிருப்புரிமை என்ன? அரசு வேண்டாமென்றால் எழுந்து போக வேண்டிய உரிமை! தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய் என்று கேட்டவர்களுக்கு இது புதிய பாடமா? தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவனுக்கும் நிலத்தில் பங்கில்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவனுக்கும் பங்கில்லை.

எதிர்த்து நின்றால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. டிங்கில் அருகே புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் நிலம், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் காசு கொடுத்தார்கள், மண்ணுக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசியும் அவர் உறவினரும் வழக்காடினர். வழிவழி வந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002-ல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2005-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. அம்மக்களின் பரம்பரை நிலத்தை அளந்து பதிவு செய்ய வேண்டும். அவர்கள் சம்மதமின்றி ஒரு ஏக்கர் காட்டையும் ரிசர்விலிருந்து நீக்கலாகாது. அடுப்புக்கும் கூரைக்கும் எடுப்பவனைத் திருடனாக்கும் விதிகள் திருத்தப்பட வேண்டும். காட்டை ஆளும் சபைகளில் காட்டில் வாழ்பவனுக்கு நாற்காலி வேண்டும்.

வேலி போடுவதானால் எல்லோருக்கும் போடுங்கள். ஏழையை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, பணக்காரனுக்குக் கதவைத் திறந்து வைக்கும் வேலியை உழைக்கும் வர்க்கம் ஏற்காது!