அளக்கப்போன சிக்னலே சூடேற்றினால்? 20 வருட முடிவு உடைந்த கதை

மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடும் பொருள்தான் சூப்பர் கண்டக்டர். எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினின் காந்தம் இயங்குவதே இதை நம்பித்தான். இதில் 'ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட்' கொஞ்சம் வேற ரகம். இது சூப்பர் கண்டக்டர் என்பதை யோஷிதெரு மயேனோ குழு 1994-ல் கண்டுபிடித்தது. மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்கும் கீழேதான் இது சூப்பர் கண்டக்டராக மாறும்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

சூப்பர் கண்டக்டரில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத்தான் ஓடும். வழக்கமான ஜோடியில் இரண்டின் 'ஸ்பின்'னும் எதிரெதிர் திசையில் இருக்கும். அப்படியானால் என்எம்ஆர் சோதனையில் ஸ்பின் தரும் காந்த சிக்னல் குறைய வேண்டும். 1998-ல் கென்ஜி இஷிதா, மயேனோ உள்ளிட்ட ஜப்பான் குழு அளந்தபோது அது குறையவே இல்லை. ஆக, இது 'ஒரே திசை ஜோடி' என்ற முடிவுக்கு வந்தார்கள். எளிதில் பிழை வராத குவாண்டம் கம்ப்யூட்டருக்கு இது உதவும் என்ற எதிர்பார்ப்பும் வளர்ந்தது.

எங்கே சறுக்கியது?

இந்த நிலை ரொம்பவே மென்மையானது. அலுமினியத்தில் காந்தத்தன்மை இல்லாத கலப்படம் கொஞ்சம் இருந்தாலும் பெரிய பாதிப்பு வராது. ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட்டில் அதே கலப்படம் மிகச் சிறிதளவு இருந்தாலே கதை முடிந்தது. வெப்பமும் அப்படித்தான்.

2019-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு, சோதனைக்கு அனுப்பும் ரேடியோ துடிப்புகளின் ஆற்றலைக் குறைத்து அளந்தது. இந்த முறை சிக்னல் தெளிவாகக் குறைந்தது. அதாவது, பழைய சோதனையில் துடிப்புகளே பொருளைச் சூடேற்றிவிட்டன. அளக்க வேண்டிய நிலை, அளக்கும் நேரத்தில் அங்கே இல்லை!

அடுத்து நடந்ததுதான் முக்கியம். இஷிதாவும் மயேனோவும் மறுபடியும் சோதித்தார்கள். தங்கள் பழைய முடிவு தவறு என்று 2020-ல் அவர்களே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

நமக்கு என்ன பாடம்?

'குவாண்டம் புரட்சி' என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. புதுசாகக் கண்டுபிடித்தவருக்குக் கைத்தட்டல், நிதி, தலைப்புச் செய்தி எல்லாம் கிடைக்கிறது. அதையே மறுபடி சரிபார்ப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இது மாற வேண்டும். சரிபார்க்கும் ஆய்வுக்கும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும், ஊடகங்களும் அதே அளவு இடம் தர வேண்டும். ஒரு சோதனையின் சூட்டைக் கவனிக்க 20 வருடம் ஆனது. அடுத்த முறை அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.