வியன்னாவில் எலுமிச்சைச் சாதம்

ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் பெயர் பதிவு செய்யச் சென்ற அன்று, எனக்கு முன்னால் நின்றிருந்த நால்வரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? ஆறு நாடுகள், பதினோரு நாட்கள், தலைக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல் கட்டணம். அதில் எந்த அருங்காட்சியகம் அடக்கம், எது அடக்கமில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் இக்கேள்விக்குப் பழகியவர். "சமையற்காரர் கூடவே வருகிறார் சார். மூன்று வேளையும் நம்ம சாப்பாடுதான். பருப்பு, மசாலா, ஊறுகாய் எல்லாம் இங்கிருந்தே போகிறது" என்றார். நால்வர் முகத்திலும் நிம்மதி படர்ந்தது. என் முகத்திலும் கொஞ்சம் படர்ந்திருக்கும், பொய் சொல்வானேன்.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நானும் என் துணைவியாரும் சென்ற பயணம் இது. எட்டாம் நாள் வியன்னாவை அடைந்தோம். நகரத்தின் புகழ்பெற்ற இசைநாடக அரங்குக்கு அருகே பேருந்து நின்றது. மதிய உணவுக்கு நாற்பது நிமிடம். பேருந்தின் வயிற்றுப் பகுதியைத் திறந்து, வெள்ளித்தாள் பெட்டிகளில் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் அப்பளமும் வழங்கினார்கள். நடைபாதை ஓரத்தில் வரிசையாக நின்று சாப்பிட்டோம். அந்த அரங்கின் பின்புறத்தில்தான் ஸாஹர் ஓட்டல் இருக்கிறது. 'ஸாஹர் டோர்ட்டே' என்ற சாக்லேட் கேக்குக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் அதன் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் அவர்களைப் பார்த்து, "கேக்குக்குப் போய் இவ்வளவு கூட்டமா? அதில் என்னென்ன கொழுப்பு போட்டிருப்பானோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

நல்லம்பள்ளியிலிருந்து சேலத்தில் ஒரு கல்லூரி விடுதிக்குப் படிக்கப் போன காலம். வீட்டில் எங்களுக்கு இரவு உணவு பெரும்பாலும் ராகிக் களிதான். அம்மா அடுப்படியில் குந்தி, பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிளறுவாள். கைகளை நீரில் நனைத்து உருட்டி வைப்பாள். அவரைக்கொட்டைக் குழம்பு இருந்தால் அன்று விருந்து. களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். இதை விடுதியில் ஒரு நாள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். அன்று முதல் மூன்று ஆண்டுகளும் என் பெயர் 'களி'. அதன்பின் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், "சோறு இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்கத் தொடங்கினேன். அவள் எனக்கென்று தனியே ஒரு பிடி அரிசி வைப்பாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறர் உண்பதைக் கண்டு முகம் சுளிப்பவர் உணவை மட்டும் விலக்குவதில்லை. உண்பவரையும் சேர்த்தே விலக்குகிறார். விடுதியில் எனக்கு நடந்ததும் வியன்னா நடைபாதையில் நடந்ததும் ஒரே காரியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புலால் உண்ணாமையை விரதமாகக் கொண்டவர்களை நான் இங்கே குறை சொல்லவில்லை. 1888இல் காந்தி இலண்டனுக்குப் போனபோது தாயாருக்குக் கொடுத்த வாக்கு அவரோடு போனது. பசியோடு தெருத்தெருவாக நடந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கேயே ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கினார். பிறகு இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். அந்த நகரத்தில் அவர் பழகிய மனிதர்களில் பலர் அந்த விரதத்தின் வழியாக வந்தவர்கள்தாம். எங்கள் பேருந்தில் போன புளிக்காய்ச்சல் யாரையும் யாரிடமும் கொண்டு சேர்க்கவில்லை.

எலுமிச்சைச் சாதத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டு நாங்கள் இருவரும் நழுவினோம். ஸாஹர் ஓட்டலின் வரிசை எங்கள் நேரத்துக்கு ஒத்துவராது. பக்கத்துச் சந்து ஒன்றில் சிறிய தின்பண்டக் கடை தென்பட்டது. ஆறேழு மேசைகள், மரச்சட்டத்தில் கோத்து மாட்டிய செய்தித்தாள்கள். வயதான பெண்மணி ஒருவர் தட்டில் காப்பியும், அதனருகே ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். வியன்னாவில் காப்பியோடு தண்ணீர் வைப்பது மரபு. நம் ஊரிலும் காப்பி கொடுக்குமுன் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் உண்டே என்று என் துணைவியார் மகிழ்ந்தார்.

ஆப்பிள் ஸ்ட்ரூடல் கேட்டோம். ஆப்பிள் துண்டுகள், உலர்திராட்சை, பட்டைத்தூள், நெய்யில் வறுத்தது போன்ற ரொட்டித் தூள்; இவற்றைச் சுற்றி மெல்லிய மாவுச் சுருள். அந்த மாவை, கீழே வைத்த எழுத்தைப் படிக்கும் அளவுக்கு மெல்லியதாக இழுக்க வேண்டும் என்பது அவ்வூர் இலக்கணம். எப்படி இழுப்பீர்கள் என்று துணைவியார் சைகையால் கேட்டார். அந்தப் பெண்மணி ஒரு கைத்துடைப்பை மேசைமேல் விரித்து, இரு புறங்கைகளையும் அதன் அடியில் நுழைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்ல நகர்த்திக் காட்டினார். நம் பரோட்டா மாஸ்டர் வீசுவதை இவர் வீசாமல் செய்கிறார், அவ்வளவுதான். பதிலுக்கு என் துணைவியார், பூரணம் வைத்துப் போளி தட்டுவது எப்படி என்று அதே துணியில் செய்து காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினோரு நாட்களில் ஓர் ஐரோப்பியரோடு நாங்கள் உண்மையில் உரையாடியது அந்தப் பத்து நிமிடம்தான்.

அடுத்து 'கைஸர்ஷ்மாரன்'. பேரரசரின் பெயரைத் தாங்கிய பண்டம். முட்டை அடித்துச் சேர்த்த தடித்த தோசையைக் கல்லிலேயே துண்டு துண்டாகப் பிய்த்து, சர்க்கரைத் தூளைத் தூவி, பிளம்ஸ் பழக் கூழோடு தருகிறார்கள். இனிப்புக் கொத்துப் பரோட்டா என்றால் நம்மவருக்கு விளங்கும்.

வாசலில் வரிசை நின்ற அந்தக் கேக்கின் கதை தமிழ் படித்தவர்களுக்குப் பிடிக்கும். 1832இல் அமைச்சர் மெட்டர்னிஹ் வீட்டு விருந்துக்கு, ஃப்ரான்ஸ் ஸாஹர் என்ற பதினாறு வயதுப் பயிற்சிச் சமையலாள் செய்தது என்பார்கள். அவருடைய மகன் எடுவார்ட், டெமல் என்ற தின்பண்டக் கடையில் தொழில் பயின்றார். 1876இல் ஓட்டல் தொடங்கினார். பிற்காலத்தில் எது 'அசல்' என்று ஓட்டலுக்கும் டெமலுக்கும் வழக்கு மூண்டது. வாதத்தில் ஒன்று, ஆப்ரிகாட் பழக்கூழைக் கேக்கின் நடுவிலும் தடவ வேண்டுமா, மேலே மட்டும் போதுமா என்பது! ஃப்ரீட்ரிஷ் டோர்பெர்க் என்ற எழுத்தாளர் சாட்சிக் கூண்டேறி, எடுவார்டின் மனைவி அன்னா உயிரோடிருந்த காலத்தில் கேக்கை நடுவில் அறுத்துக் கூழ் தடவும் வழக்கமே இல்லை என்றார். 1963இல் சமரசம் ஆயிற்று. 'அசல்' என்ற சொல் ஓட்டலுக்குப் போனது. பாடபேதத்துக்கு நம் பதிப்பாசிரியர்கள் போட்ட சண்டைகளை இத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நம்மில் யாரேனும் களிக்கு எவ்வளவு நொய் சேர்ப்பது என்று நீதிமன்றம் போவோமா?

'நம்ம சாப்பாடு' என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்த எலுமிச்சைச் சாதத்தில் தாளித்த மிளகாய், போர்த்துகீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்தது. காப்பி அதற்கும் பிந்தியது. அது எவ்வளவு வசைகளுக்குப் பிறகு நம் வீடுகளுக்குள் நுழைந்தது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் படிக்கலாம். வியன்னாவுக்கும் காப்பி வெளியிலிருந்து வந்ததுதான். 1685இல் அங்கே காப்பி விற்க உரிமம் பெற்றவர் டியோடாட்டோ என்ற ஆர்மீனியர்.

இனிப்பின் கதை எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை. நல்லம்பள்ளிக்கும் தர்மபுரிக்கும் இடையில் அதியமான்கோட்டை இருக்கிறது. தகடூர் அதியமானின் முன்னோர், கிடைத்தற்கரிய கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் சொல்கிறார். 392ஆம் பாடலில் பொகுட்டெழினியைப் பாடும்போதும் அதை மறக்கவில்லை. எங்கிருந்து என்பதற்கு உரைகாரர் விண்ணுலகைக் காட்டுவார். தாவரவியலார் நியூ கினித் தீவைக் காட்டுகிறார்கள். எப்படியாயினும், வெளியிலிருந்து ஓர் இனிப்பைக் கொண்டுவந்தது ஒரு குலத்தின் பெருமைகளில் ஒன்றாகப் பாடப்பட்டிருக்கிறது. வேற்று நிலத்துப் பயிர் என்று அவர்கள் முகம் சுளித்திருந்தால் பாலக்கோட்டில் இன்று கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஏது?

அந்தக் கரும்பு பின்னாளில் நம் மக்களைக் கடலுக்கப்பால் இழுத்துக்கொண்டது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போனது கரும்புக் காட்டுக்காகத்தான். ஃபிஜித் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பாரதி அழுததும் அதே கரும்பால். ஆஸ்திரியாவின் சர்க்கரை பெரும்பாலும் கிழங்கிலிருந்து வருகிறது. பெர்லினில் மார்க்ராஃப் என்பவர் 1747இல் பீட்கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்ததன் தொடர்ச்சி அது. இத்தனையையும் நினைத்துக்கொண்டு தின்றதால் ஸ்ட்ரூடலின் சுவை குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் திரும்பியபோது நாற்பது நிமிடம் கடந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பேருந்து முழுவதும் எங்களை முறைத்தது.

ஊருக்கு வந்தால், அதே 2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியிருந்தார்கள். ஐ.நா. சபை சிறுதானியங்களுக்கென்று அறிவித்த ஆண்டும் அதுவே. என்னைக் 'களி' என்று அழைத்தவர்களில் ஒருவர், இப்போது சர்க்கரை நோய்க்காகத் தினமும் ராகி உண்பதாகத் தொலைபேசியில் சொன்னார். நல்ல ராகி எங்கே கிடைக்கும் என்றும் என்னிடமே கேட்டார். சொன்னேன்.

மரப்பெட்டியில் வைத்து விற்கும் ஸாஹர் கேக் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். கல்லூரி ஆசிரியர் அறையில் அறுத்து வைத்தேன். ஒரு நண்பர் முட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் கைகூப்பி விலகிக்கொண்டார். இன்னொருவர், "இதற்கா இந்தப் பேச்சு? வறண்டு கிடக்கிறதே" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அங்கே அதற்காகத்தான் பாலாடை நுரை கூட வைக்கிறார்கள். எங்கள் துறையைக் கூட்டிப் பெருக்கும் அம்மா தமக்குத் தந்த துண்டைக் காகிதத்தில் மடித்துப் பேரனுக்கென்று எடுத்துப் போனார். மறுநாள் ஒரு சம்படத்தோடு வந்தார். ராகி அடையைச் சுட்டு, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்துப் பிடித்த சிமிலி உருண்டைகள். மூடியைத் திறந்ததும் முதலில் கை நீட்டியவர், முட்டை உண்டா என்று கேட்ட நண்பர்தான்.