அவநம்பிக்கை யாருடைய குணம்?

பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து பதில்கள். ஒன்றைக் குறித்தால் போதும். ஒரு பெண் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறாள் என்று கடைசியில் ஓர் எண் சொல்லிவிடும்.

அமெரிக்க உளவியலாளர்கள் மைக்கேல் ஷையரும் சார்லஸ் கார்வரும் 1985இல் உருவாக்கி, 1994இல் திருத்தி வெளியிட்ட ‘வாழ்க்கை நோக்குச் சோதனை’ இது. பத்தில் நான்கு வாக்கியங்கள் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவை. மீதி ஆறில் மூன்று நல்லதை எதிர்பார்ப்பவை, மூன்று கெட்டதை எதிர்பார்ப்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24. கெட்டதை எதிர்பார்க்கும் மூன்றுக்கும் மதிப்பெண் தலைகீழ். தன் விருப்பப்படி எதுவும் நடக்கும் என்று தான் எதிர்பார்ப்பதில்லை என்பதை ஒரு பெண் முழுமையாக ஒப்புக்கொண்டால், அவளுக்குக் கிடைப்பது சுழியம்.

ஏன் எதிர்பார்ப்பதில்லை என்று அந்தத் தாள் கேட்பதில்லை. உழைத்த கூலி தன் கைக்கு வராதவளும், பதவி உயர்வு மூன்று முறை மறுக்கப்பட்டவளும், அடிக்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருப்பவளும் அதில் குறிப்பது அவர்கள் கண்ட உலகத்தை. அது சாட்சியம். சாட்சியத்தை வாங்கிக்கொண்டு சாட்சியின்மீதே குற்றம் எழுதுகிறது மதிப்பெண்.

அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பெண்கள் நல ஆய்வில், மாதவிடாய் நின்ற 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்தச் சோதனையை எழுதினார்கள். அதிக மதிப்பெண் பெற்றவர்களிடையே இதய நோயும் இறப்பும் குறைவு என்று 2009இல் முடிவு வந்தது. அந்தப் பெண்களே கூடுதலாகப் படித்தவர்கள், கூடுதல் வருமானமும் மருத்துவக் காப்பீடும் உள்ளவர்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இவற்றைக் கழித்த பிறகும் வேறுபாடு மிஞ்சியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருக்கட்டும். வருமானத்தைக் கணக்கிலிருந்து கழிக்கலாம். வாழ்க்கையிலிருந்து கழிக்க முடியுமா? காப்பீடு உள்ளவளுக்கு நாளையைப் பற்றிய பயம் குறைவாக இருப்பதில் என்ன மர்மம்?

இன்ன எண்ணுக்குக் கீழே இருந்தால் அவநம்பிக்கைவாதி என்று கோடு கிழிக்க முடியாது என்று இதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். கோடு கிழிப்பவர்கள் வேறு ஆட்கள்: ‘நல்லதையே நினை’ என்று பயிற்சி விற்பவர்கள், முறையிட வரும் பெண்ணை ‘உன் பார்வையை மாற்று’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள்.

அவநம்பிக்கைக்கும் ஒரு பயன் உண்டு. உளவியலாளர் ஜூலி நோரெம் 1980களிலிருந்து ‘தற்காப்பு அவநம்பிக்கை’யை ஆராய்ந்தவர். எது தவறும் என்று முன்பே யோசித்துத் தயாராகும் பதற்றக்காரர்கள் நன்றாகவே செயல்படுகிறார்கள்; அந்த யோசனையைத் தடுத்தால்தான் தடுமாறுகிறார்கள். சிறுவாடு சேர்த்த நம் பாட்டிகளுக்கு இது தெரியும். கேட்டால் பணம் கிடைக்காது என்ற அவர்களின் ‘அவநம்பிக்கை’தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமானது.

உளவியல் படிக்கும் மாணவிகளே, இந்தத் தாள் நாளை உங்கள் கையில் இருக்கும். குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் அந்தப் பெண்ணைத் திருத்தக் கிளம்பாதீர்கள். பத்து வாக்கியங்களுக்குக் கீழே பதினொன்றாவதாக ஒரு கேள்வியை எழுதுங்கள்: ‘உங்களுக்கு என்ன நடந்தது?’ அதற்கு மதிப்பெண் போட வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள்.