லயத்துக் கூரைக்கு ஒரு பெட்டரி

நாரங்கல மலைக்கு கெம்பிங் போகிற பசங்களோட பேக்கை ஒருதரம் பிரிச்சுப் பாருங்க. மடக்கி வைக்கிற சோலார் தகடு, செங்கல் அளவுக்கு ஒரு லித்தியம் பெட்டரி, கூடாரத்துக்குள் தொங்கவிட எல்இடி லைட். மலை உச்சியில் ஒரு ராத்திரி போன் செத்துப்போகாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு. நானும் அப்படிப் போனவன்தான், அதனால் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, பதுளை மாவட்டத்தில் மலை சரிந்து, ரோட்டும் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போனபோது லயங்களில் என்ன இருந்தது? மெழுகுதிரி. பத்து சதவீதத்தில் நிற்கிற போன். அந்தப் பேக்கில் இருக்கிற சாமான் மலை உச்சிக்குப் போகும் முன்னால் லயத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

"அதான் கூரையில சோலார் போட அரசாங்கமே திட்டம் வச்சிருக்கே" என்று ஒருத்தர் கேட்டார். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய'வைச் சொல்கிறார். நல்ல திட்டம்தான், ஆனால் அது கரண்ட் பில்லைக் குறைக்க வந்தது. பெட்டரி இல்லாமல் மெயின் லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிறவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்று அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கூரை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் காணியும் வீடும் பெயரில் இல்லாதவர் யாருடைய கூரையில் தகடு பூட்டுவது? கெம்பிங் தகடுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வாசலில் சாய்த்து வைத்தால் போதும், எந்தத் துரையிடமும் கேட்க வேண்டியதில்லை.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1997இல் தொடங்கி 2011 வரை, உலக வங்கி உதவியோடு இரண்டு திட்டங்கள் இலங்கையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சின்னச் சின்ன சோலார் கொண்டுபோயின. மெயின் கரண்ட் வர வர, பலர் தகட்டைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே பல வீடுகளில் பெட்டரி செத்திருந்தது, தகடு மட்டும் நன்றாக இருந்தது.

பெட்டரி ஏன் சாகிறது என்பதை நான் நாரங்கலவில்தான் படித்தேன். காசு மிச்சம் பிடிக்க கூட்டாளி ஒருத்தனின் கார் பெட்டரியைத் தூக்கிக்கொண்டு போனோம். (தூக்கினது நான்.) ரெண்டு ராத்திரி லைட்டும் ஸ்பீக்கரும் ஓட்டி ஒட்ட உறிஞ்சிவிட்டு, வீட்டில் ஒரு மாதம் அப்படியே போட்டோம். அதற்குப் பிறகு அது எழும்பவேயில்லை. கார் பெட்டரி ஒரு நொடி வேகமாகக் கரண்ட் தந்து எஞ்சினை எழுப்புவதற்கு. இரவெல்லாம் மெல்ல மெல்லக் கொடுப்பது அதன் வேலை இல்லை. எந்த ஈயப் பெட்டரியையும் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. காலியாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் உப்பு படிந்து இறுகிவிடும். தகட்டுக்கும் பெட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான், பீலித் தண்ணீர் கூடாது.

கணக்கும் பெரிசில்லை. ரெண்டு 5 வொட் பல்ப் ஐந்து மணிநேரம், நாலு போன், ஒரு ரேடியோ என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 வொட்-மணி. 100 வொட் தகடு நல்ல வெயிலில் இரண்டு மணிநேரத்தில் இதைச் சம்பாதித்துவிடும்.

ஆனால் ஊவாவில் மண் சரிகிற காலமும் வெயில் இல்லாத காலமும் ஒன்றுதான். மீரியபெத்த சரிந்தது 2014 ஒக்டோபர் 29. வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் தகடு பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. அதனால் பெரிய தகடு வாங்குவதை விட பெரிய பெட்டரி வாங்குவது நமக்குப் புத்தி. 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி ஒன்று, வெயிலே இல்லாமல் ஒரு வீட்டை நாலு நாள் ஓட்டும். லயத்துக்கே ஒன்று என்றால் பல்பை விட்டு போனுக்கு மட்டும் என்று வைக்கலாம். மண்சரிவு எச்சரிக்கை வருவது அந்தப் போனுக்குத்தானே.

வீட்டுக்கு ஒன்று வாங்கச் சொன்னால் நாட்சம்பளத்தில் நடக்காது என்று எனக்கும் தெரியும். பிள்ளை மடுவத்திலோ கோயிலிலோ ஒன்று வைத்து, மீட்டர் பார்க்கத் தெரிந்த ஒருத்தரிடம் பொறுப்புக் கொடுத்தால் தொடங்கலாம். அந்த ஒருத்தர் இல்லாமல் சாமான் மட்டும் கொடுத்தால் பழைய கதைதான்.

என்னுடைய கெம்பிங் பெட்டரி ரெண்டு ட்ரிப்புக்கு நடுவில் மூணு மாதம் அலமாரியில்தான் கிடந்தது. இப்போது அது பெரியம்மா லயத்தில் இருக்கிறது. போன வாரம் போனபோது ஒரு கேபிளைக் காணோம். பெட்டரி நிறைந்திருந்தது.