கண்கட்டிக்கு ஒரு நாள் கூலியா?

இமையில் சின்னதாய் ஒரு கட்டி. சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே வடிந்துவிடும். பிதுக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்ல டாக்டர் செல்பேசியில் பார்த்தாலே போதும். 2020 ஏப்ரலிலிருந்து அரசின் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே, இலவசமாகக் காட்டலாம்.

சேரியில் இதை யார் வந்து சொன்னார்கள்? சுகாதாரப் பணியாளர் பல இடங்களில் ஊர்த்தெருவோடு திரும்பிவிடுகிறார். மிகையில்லை தோழர்களே. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த தீண்டாமை ஆய்வு 2006இல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்ததை அது பதிவு செய்தது. அதனால்தான் நம் அத்தைகள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, தனியார் கிளினிக்கில் காசு கட்டிவிட்டு, "எந்தத் தெரும்மா?" என்ற கேள்வியையும் வாங்கி வருகிறார்கள்.

தொடாமல் பார்க்கும் வைத்தியம் புதுத் தீண்டாமை என்கிறார்கள் சில தோழர்கள். கண்கட்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. ஆனால் வீக்கம் கண் முழுக்கப் பரவி, காய்ச்சல் வந்து, பார்வை மங்கினால் திரை உதவாது. இமையைத் தூக்கிப் பார்க்க ஒரு கை வேண்டும். "அதான் ஆன்லைன் இருக்கே" என்று அந்தக் கையை நமக்கு மறுப்பதுதான் தீண்டாமை.

இன்றைக்கே உங்கள் போனோடு அத்தை வீட்டுக்குப் போங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: செவிலியர் எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை வருவார்? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.