பெயர் சொல்ல முடியாத முப்பது பேர்

போன மாதம் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மென்பொருள் துறையில் பெண்கள் தலைமைக்கு வருவது பற்றிக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் மேலாளர் நன்றாகவே பேசினார். சின்ன ஊரில் பிறந்தது, ஆங்கிலம் தடுமாறியது, ராத்திரி ஷிப்ட் பார்த்தது, இன்று நூறு பேருக்கு மேல் நிர்வாகம் செய்வது எல்லாம் சொன்னார். உழைப்பும் தன்னம்பிக்கையும் இருந்தால் போதும் என்று முடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பிப் பேருந்து நிலையத்துக்கு நடந்தபோது, கூட வந்த பெண் கேட்டாள். தண்டராம்பட்டுப் பக்கத்துக் காலனிப் பிள்ளை. கம்ப்யூட்டர் சயின்ஸ், இறுதியாண்டு. "யக்கா, நம்ம ஆளுங்கள்ல யாருன்னா இந்த மாதிரி டீம் லீடா, மேனேஜரா இருக்காங்களா? பேர் சொல்லுங்க, தேடிப் பார்க்கிறேன்."

இருக்கிறார்கள் என்றேன். பெயர் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேர், தயவுசெய்து எங்கேயும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர்கள்.

இது எனக்குத் தெரிந்த இரண்டு பேரோடு முடிகிற கதை இல்லை. 2020 அக்டோபரில், கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட், சிஸ்கோ போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்த 30 தலித் பெண் பொறியாளர்கள் ஓர் அறிக்கை எழுதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். பணிக்கு எடுப்பதிலும், சிபாரிசிலும், வேலை மதிப்பீட்டிலும் ஆதிக்க சாதியினர் தங்களுக்குள்ளேயே கைகொடுத்துக்கொள்கிறார்கள், எங்களைப் பார்த்து நீ கோட்டாவில் வந்தவள் என்கிறார்கள், நாங்கள் நல்ல பொறியாளர்கள், எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்குள் நுழைந்த பெண்கள். அப்படி ஒரு பெண்ணின் பெயரை எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். ஆனால் அந்த அறிக்கையில் ஒரு பெயர்கூட இல்லை. பழிவாங்குவார்கள் என்ற பயம்.

ஒரு காலத்தில் எனக்கு இதில் கோபம் இருந்தது. மேலே போனவர்கள் ஏன் மறைக்கிறார்கள், சமூகத்துக்குத் திரும்ப என்ன செய்தார்கள் என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அது தப்பு. சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும்.

அதே 2020 ஜூன் 30ஆம் தேதி, கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர் ஐஐடியில் இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை அவருடைய மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், அதைக் கேட்கப்போன பிறகு அவருக்கு வாய்ப்புகள் அடைக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு மேலதிகாரிகள் மீதான வழக்கை அந்தத் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு மட்டும் நின்றது. இந்த வழக்கிலும் பாதிக்கப்பட்டவருக்கு வைத்த பெயர் 'ஜான் டோ'. அதாவது, யாரோ ஒருவர். வழக்குச் செய்தி வெளியானதும் ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பிடம் சில வாரங்களில் 250க்கும் மேற்பட்ட தொழில்நுட்ப ஊழியர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். அந்த அமைப்பை நடத்தும் தேன்மொழி சௌந்தரராஜன், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தலித் பெண். 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்துக்காக அவர் கூகுளில் பேசவிருந்தார். உள்ளே சில ஊழியர்கள் எதிர்ப்புக் கிளப்ப, நிகழ்ச்சி ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டு வெளியேறினார். சாதி பற்றி ஒரு மணி நேரப் பேச்சுக்கே இந்தக் கதி. இதில், தன் சாதியைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் டீமை நடத்த வேண்டுமாம்.

அது அமெரிக்கா, நம்மூர் ஐடியில் சாதி ஏது, எல்லோரும் ஒரே கேண்டீனில்தானே சாப்பிடுகிறார்கள் என்பீர்கள். சரி, நம்மூருக்கு வருவோம். அந்தப் பெண்ணின் ஊருக்குப் பக்கத்தில்தான் தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. சுமார் 80 வருடம் வெளியே நிறுத்தப்பட்டவர்கள், மாவட்ட ஆட்சியரும் போலீஸ் பட்டாளமும் கூட வர, பொங்கல் வைத்து உள்ளே போனார்கள். கதவை அடைத்து நின்றவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இன்ஜினியரிங் படிக்கிறார்கள், அதே ஓஎம்ஆர் ரோட்டுக்கு பஸ் ஏறுகிறார்கள். திண்டிவனம் தாண்டியதும் சாதி இறங்கிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் கதை சொல்ல வேண்டாம்.

பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் நமக்கு இல்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடத் தீர்மானம் போட்டவர்கள் நாம். பெருமைதான். அதனால் கேள்வி வேறு வழியாக வருகிறது. சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? வீட்டில் மாட்டுக்கறி உண்டா? மூன்றாவது கேள்விக்குள் கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிடும். அதன்பின் யாரும் திட்ட மாட்டார்கள். கிளையன்ட் மீட்டிங்குக்கு உன்னைக் கூப்பிட மறப்பார்கள். ஆன்சைட் பட்டியலில் உன் பெயர் கடைசியில் போகும். அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் போதாது' என்று ஒரு வரி ஏறும். டீம் லீட் ஆவது தேர்வு எழுதி ஆவதில்லை. மேலே இருப்பவர் ஒருவர் "இவளைப் போடலாம்" என்று சொல்லித்தான் ஆவது.

கோட்டா என்று நாக்கூசாமல் சொல்கிறார்களே, அதையும் பேசிவிடுவோம். நம் மாநிலத்தில் எஸ்சி ஒதுக்கீடு 18 சதவீதம். அது கல்லூரியிலும் அரசு வேலையிலும்தான். தனியார் மென்பொருள் நிறுவனத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஆக, அங்கே டீம் லீட் ஆன தலித் பெண் எந்த ஒதுக்கீடும் இல்லாமல் ஆனவள். அங்கே உள்ள ஒரே ஒதுக்கீட்டுக்குப் பெயர் ரெஃபரல். வேலை செய்கிற அத்தை பையனும் சித்தப்பா பெண்ணும் உள்ளே இருந்து ரெஸ்யூமைத் தள்ளிவிடுவது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி, வேறு வேறு பெயர்களில் விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முகத்தையே பார்க்காமல்!

பெண்கள் விஷயத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஊழியரில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று ஆண்டறிக்கையில் போடுகிறார்கள். பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தலுக்கு உள் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி என்ற குயவர் சாதிப் பெண்ணை 1992இல் ஆதிக்க சாதி ஆண்கள் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். அதிலிருந்துதான் 1997இன் விசாகா தீர்ப்பு, அதிலிருந்துதான் சட்டம். அவள் மீது பாய்ந்ததில் பெண் என்பதும் இருந்தது, சாதியும் இருந்தது. சட்டம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைத் தெருவில் விட்டுவிட்டது. இன்று ஒரு தலித் பெண் பொறியாளர், "என் சாதிக்காக என்னை ஒதுக்குகிறார்கள்" என்று சொல்ல அலுவலகத்தில் எந்தக் குழுவிடம் போவாள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கெட்ட வார்த்தை சொன்னால் வரும். பிரமோஷன் பட்டியலில் விட்டுப்போன பெயருக்கு வருமா? அரசு வேலையில் பதவி உயர்வில் ஒதுக்கீட்டுக்கு 1995இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தனியாரிடம் எத்தனை தலித் மேலாளர் என்று எண்ணிச் சொல்லச் சொல்லக்கூட ஆள் இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. சிறுசேரியில் எப்போது?

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை என் அலுவலகத்துக்கு வந்தாள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூம் தயார் செய்ய வேண்டும். ப்ராஜெக்ட், மதிப்பெண் எல்லாம் அடித்துவிட்டாள். பள்ளியின் பெயரில் நின்றுவிட்டாள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தது அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் சொல்லிவிட்டது. அவள் மார்க் ஷீட்டில் இருப்பது பழைய பெயர்தான்.

"'அரசு மேல்நிலைப் பள்ளி'ன்னு மட்டும் போட்டா பொய்யாக்கா?" என்றாள்.

முழுசாகப் போடு என்று சொல்ல வாய் வரை வந்தது. போட்டு, அழைப்பு வராமல் போனால், அவள் அப்பா வாங்கிய கடனை நான் கட்டப்போவதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம்.