நிலைத்த கடையும் நிலையற்ற ஊழியனும்

தோழனே!

குடிப்பவனைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். குடியால் குலைந்த குடும்பத்தை அரங்கேற்றுகிறோம். என் நாடகத்திலும் மூன்றாம் காட்சியில் மனைவியின் தாலியை விற்றுப் புட்டி வாங்குவான் கணவன், கொட்டகையே குமுறும்! அந்தப் புட்டியை எடுத்துக் கொடுப்பவனுக்கு எந்த நாடகத்திலேனும் ஒரு வரி வசனம் உண்டா?

இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி கை நீட்டுகிறானே, அந்தக் கம்பி வலைக்குப் பின்னே பார். நிற்பவன் படித்தவன். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையைத் தனியாரிடமிருந்து டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டபோது வந்தவன். அரசாங்க வேலை என்று அகமகிழ்ந்தாள் அன்னை. தொகுப்பூதியம் என்றார்கள், தற்காலிகம் என்றார்கள். தற்காலிகந்தானே, தாண்டிவிடலாம் என்று நினைத்தான். இருபத்தைந்தில் நுழைந்தவன் இன்று ஐம்பதை நெருங்குகிறான். ஆட்சிகள் மாறின, அவன் நிலை மாறவில்லை.

இரண்டு ஆண்டுகளில் 480 நாட்கள் உழைத்தவனுக்குப் பணி நிரந்தரம் தருக என்கிறது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். இவன் நின்ற நாட்கள் ஏழாயிரத்தைத் தாண்டுமே! திருவில்லிபுத்தூர்க் கோபுரமே அரசு முத்திரையில் இருக்கிறது என்று அவ்வூரார் பெருமை பேசுவர். அந்த ஊரிலேயே கடையில் நிற்கும் இவனுக்கு, அம்முத்திரை பதித்த நிரந்தர ஆணை ஒன்று இன்னும் வந்து சேரவில்லை.

கணக்குப் பார்ப்போமா? 2024-25இல் மதுவால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 23,629 ஊழியர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உயர்வு அளித்தார்கள். ஆண்டுச் செலவு 64.08 கோடி. நூறு ரூபாய் வரவுக்குப் பதின்மூன்று காசு!

புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறானே என்பாய். குற்றந்தான், மறுக்கவில்லை. இரவு பத்து மணிக்குக் கடையடைத்து, விற்ற பணத்தைக் காத்துநின்று, கொள்ளையரால் வெட்டுண்டு மாண்டவரும் இக்கூட்டத்தில் உண்டு என்பதையும் சேர்த்து எண்ணு.

கடைகளை மூடத்தான் வேண்டும் என்பவன் நான். ஆயின் மூடியவர்கள் முன்பு என்ன செய்தார்கள்? மதுவிலக்கால் குறைந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார் இராசாசி. 1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. மறு ஆண்டு முதலமைச்சராகி அதைக் கட்டிக்காத்தவர் இதே இராசபாளையத்துக் குமாரசாமிராசா. கள்ளிறக்கிய பனையேறிகளுக்கென வெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. போதுமானவையா என்பது வேறு வழக்கு; பனையேறி என்ன ஆவான் என்று எண்ணினார்களே!

மதுவிலக்குத் தீர்மானத்தோடு உன் கிளைக்கூட்டத்துக்கு நீ போகும்போது, அதில் இரண்டாவது வரி ஒன்று எழுதிச் செல்: 23,629 பேருக்கும், பணிபுரிந்த ஆண்டுகளைக் கணக்கில் கொண்டு, வேறு துறைகளில் நிரந்தரப் பணி. அந்த வரியை அடிக்கச் சொல்வோர் எவரேனும் எழுந்தால், காரணத்தைக் கூட்டத்திலேயே கேள்.